ராஜ்தூத் 350 மக்கர் செய்தால்: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது பழைய ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350ஐ உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் இங்கே தயாரித்து 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டி. 347 சி.சி., டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். இதைப் பிரித்துப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கும் இத்தனை வருடத்தில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டுதான் இது. காசு செலவில்லாத காரணம் முதலில், இன்ஜினைப் பிரிக்க வேண்டிய காரணம் கடைசியில் என்ற வரிசையில் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் பிளக் இரண்டு, பாயிண்ட் இரண்டு, காயில் இரண்டு, கண்டென்சர் இரண்டு, கார்புரேட்டர் இரண்டு. பாயிண்ட், காயில், கண்டென்சர் மூன்றும் பிளக்குக்கு நெருப்பு தரும் பாகங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஒரே மாதிரி கெடுவது அபூர்வம். அதனால் நன்றாக ஓடும் பக்கம்தான் உங்கள் அளவுகோல். சந்தேகப்படும் பொருளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே வலத்துக்கு வந்தால் அந்தப் பொருள் கெட்டது. கோளாறு இடப்பக்கமே நின்றால் பொருள் நல்லது, வேறு இடம் தேட வேண்டும். ஒரு முறைக்கு ஒரே ஒரு பொருள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல், அடுத்த மாதம் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

உதிரி வாங்கும் முன் உங்களுடையது ஹெச்.டி.யா (ஹை டார்க்) எல்.டி.யா (லோ டார்க்) என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் வந்த ஹெச்.டி. 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த எல்.டி. 27. இரண்டுக்கும் சிலிண்டரும் சைலன்சரும் வேறு. கைமாறி வந்த வண்டிகளில் இரண்டும் கலந்து பூட்டப்பட்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## கிக்கரை உதைத்துக்கொண்டே இருக்கிறேன், வண்டி எழவில்லை

பத்து உதைக்கு மேல் உதைக்காதீர்கள். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். மேற்கொண்டு எந்தப் பக்கம் போவது என்பதை அவையே சொல்லிவிடும்.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டாங்க் மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள். இப்போது வேகமாக வந்தால் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் நன்றாக ஓடி அணைந்து, கால் மணி நேரம் நின்றபின் மறுபடி எழும் வண்டிக்கும் இதுவே காரணமாக இருக்கும். மூடியைத் திறந்தும் சொட்டுதான் என்றால் டேப் வலையில் துரு.

டாங்கில் துரு என்றால் சிட்ரிக் ஆசிட், அதாவது கடையில் கேட்கும் எலுமிச்சை உப்பு, வெந்நீரில் கரைத்து ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் வடித்து, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலில் காயவைத்து, டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்த பெட்ரோலால் ஒரு சுற்று சுழற்றிவிடுங்கள். காயவிட்டு அப்படியே வைத்தால் மறுநாளே மஞ்சள் பூத்துவிடும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு வரவில்லை. இது பேட்டரியை நம்பி ஓடும் 12 வோல்ட் பாயிண்ட் இக்னிஷன். பேட்டரி செத்திருந்தால் எத்தனை உதைத்தாலும் எழாது. ஹார்ன் மங்கலாகக் கத்தினால் முதலில் சார்ஜ் போடுங்கள். பிறகு பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடம்பை சிலிண்டர் ஹெட்டில் அழுத்தி வைத்து உதைத்துப் பாருங்கள். பெட்ரோல் சிந்திய இடத்துக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள். நீலமாகச் சடசடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நெருப்பு இல்லை என்றால் சாவி, கில் ஸ்விட்ச், ஃபியூஸ். ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

நெருப்பும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனாலும் எழவில்லை என்றால் சோக் போடும்போது ஆக்சிலேட்டரை முறுக்குகிறீர்களா என்று கவனியுங்கள். இந்த மிகுனி கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல, கூடுதல் பெட்ரோலை இழுக்கும் தனிப் பாதை. ஆக்சிலேட்டர் முழுதாக மூடியிருந்தால்தான் அந்தப் பாதை இழுக்கும். குளிரில் ஏற்காட்டில் வண்டி எழவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு இதைப் போனில் சொன்னதே போதுமாக இருந்தது.

ஆறு மாதம் நின்ற வண்டியென்றால் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நாள்பட நின்றால் தண்ணீர் கலந்து அடியில் தங்கி, கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிந்துவிடும். பழைய ரப்பர் குழாய்களும் உப்பிப்போகும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

## ஒரு சிலிண்டர்தான் ஓடுகிறது

ரெட்டைச் சிலிண்டர்க்காரர்களுக்கு அதிகம் வரும் தொல்லை இது. வண்டி எழும், ஓடும், ஆனால் இழுவை இருக்காது. சத்தம் டொக்கு டொக்கென்று மொபெட் மாதிரி இருக்கும்.

எந்தப் பக்கம் செத்தது என்று கண்டுபிடிக்க, எழுந்த அரை நிமிடத்தில் இரண்டு சைலன்சர் வளைவிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஓடும் பக்கம் சீறும், ஓடாத பக்கத்தில் வழிந்து இறங்கும். ஓடும்போது பிளக் தொப்பியைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். போக வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே துளைத்துக்கொண்டு இறங்கி, நல்ல காயிலும் போய்விடும்.

முதலில் பிளக். இடது வலது மாற்றிப் போடுங்கள். கோளாறு இடம் மாறினால் புது பிளக். என்.ஜி.கே. என்றால் பி8ஹெச்.எஸ்., இடைவெளி 0.6 மி.மீ. ஒன்று கெட்டாலும் இரண்டையும் மாற்றுங்கள். இல்லையென்றால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு நிறம் பார்க்க முடியாது.

அடுத்து பிளக் தொப்பியும் ஒயரும். மழைக்காலத்திலும் ஏற்காட்டுப் பனியிலும் மட்டும் ஒரு பக்கம் மிஸ் ஆனால் இதுதான். இருட்டியபின் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒழுகும் இடத்தில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து பாயிண்ட். இடப்பக்க மூடியைக் கழற்றினால் ஒரே தட்டில் இரண்டு பாயிண்டும் தெரியும். கேம் முழுதாகத் தூக்கி நிற்கும்போது இடைவெளி 0.30 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள், கண்ணளவு உதவாது. முகம் கருத்திருந்தால் மெல்லிய அரத்தால் ஓரிரு தேய்ப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த அட்டையை இடையில் விட்டு இழுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் புதுப் பாயிண்டும் வேலை செய்யாது. துடைத்த ஒரு வாரத்தில் மறுபடி கருகிக் குழி விழுகிறதென்றால் பாயிண்ட் மேல் குற்றமில்லை, அந்தப் பக்கத்துக் கண்டென்சர் போயிருக்கிறது. அது விலை குறைந்த சாமான், மாற்றிவிடுங்கள்.

அடுத்து காயில். இங்கே மாற்றிப் போடும் முறையைக் கவனமாகச் செய்ய வேண்டும். இந்த இன்ஜினில் இரண்டு பிஸ்டனும் 180 டிகிரி வித்தியாசத்தில் ஓடுகின்றன. அதனால் பிளக் தொப்பிகளை மட்டும் மாற்றினால் நெருப்பு தப்பான நேரத்தில் விழும், வண்டி எழவே எழாது. பாயிண்டிலிருந்து காயிலுக்கு வரும் சின்ன ஒயர்களையும் மாற்றி, பிளக் தொப்பிகளையும் மாற்றுங்கள். இப்போது இடப்பக்கப் பாயிண்ட் வலப்பக்கக் காயில் வழியாக இடப்பக்கப் பிளக்குக்கே நெருப்பு தருகிறது. கோளாறு வலப்பக்கம் தாவிவிட்டதா? இடப்பக்கக் காயில் போய்விட்டது. இடப்பக்கமே நின்றால் காயில் நல்லது.

அடுத்து கார்புரேட்டர். நெருப்பு நன்றாக இருந்தும் அந்தப் பக்கத்துப் பிளக் காய்ந்தே இருந்தால் பைலட் ஜெட், அதாவது மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை, அடைத்திருக்கும். ஊசியோ எஃகுக் கம்பியோ விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். மின் ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை போதும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மாறாக அந்தப் பக்கம் பெட்ரோல் வழிந்து பிளக் எப்போதும் நனைந்தே இருந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் மூடவில்லை. நீடிலின் நுனியில் வளையத் தடம் விழுந்திருக்கிறதா பாருங்கள். இரண்டு ஃப்ளோட்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று ஸ்கேல் வைத்து ஒப்பிட்டுவிட்டு மூடுங்கள்.

கடைசியில் கம்ப்ரஷன். ஒரு பிளக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து, மறு சிலிண்டரை மட்டும் கிக்கரால் மெதுவாக அமுக்குங்கள். பிறகு அடுத்த பக்கம். காலுக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் கேஜ் வைத்து அளவெடுங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றித்தான் ஆக வேண்டும். ரிங்கும் பிஸ்டனும் எப்படி இருக்கின்றன என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம், மாற்றுவது கடைசிப் பகுதியில் வருகிறது.

## இரண்டும் ஓடுகின்றன, ஆனால் சேர்ந்து ஓடவில்லை

சிக்னலில் நின்றால் அணைகிறது, ஐந்து ரோட்டு நெரிசலில் கிளட்ச் விடும்போது உதறுகிறது, மேலே போனால் சரியாகிவிடுகிறது. இதற்குப் பட்டறையில் ஜெட் மாற்றச் சொல்வார்கள். ஜெட்டில் கை வைக்கும் முன் டைமிங்கும் (நெருப்பு விழும் நேரம்) இரண்டு கார்புரேட்டரின் ஒத்திசைவும் பார்க்க வேண்டும். டைமிங் முதலில். அது சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டைமிங்குக்கு பிளக் துளையில் பொருந்தும் டயல் கேஜ் தேவை. யமஹா ஆர்.டி. 350க்குச் சொல்லும் அளவு, பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். திறக்கும் நொடியைப் பிடிக்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். ஒரு ஒயர் பாயிண்டில், மற்றொன்று எர்த்தில், சாவி ஆன். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு அணைந்திருக்கும், திறந்ததும் எரியும். முழுத் தட்டை நகர்த்தினால் இரண்டு பக்க டைமிங்கும் நகரும், உள்ளே இருக்கும் சின்னத் தட்டை நகர்த்தினால் ஒரு பக்கம் மட்டும் நகரும். எனவே முழுத் தட்டோடு நகரும் பக்கத்தை முதலில் வைத்து இறுக்கிவிட்டு, பிறகு சின்னத் தட்டால் அடுத்த பக்கம். பாயிண்ட் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் மாறும் என்பதால் இடைவெளி எப்போதும் முதல் வேலை.

இனி கார்புரேட்டர். ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றி இரண்டு வாயையும் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு ட்ரில் பிட்டுகளின் தண்டை ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கினால் இரண்டும் ஒரே நொடியில் விடுபட்டு விழ வேண்டும். ஒன்று முன்னால் விழுந்தால் அந்தப் பக்கம் முதலில் தூக்குகிறது. கேபிள் அட்ஜஸ்டரைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகிச் சரிசெய்யுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க மறக்க வேண்டாம். திருப்பும்போது ஆர்.பி.எம். ஏறினால் கேபிள் தவறான வழியில் போகிறது.

காற்றளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூ இரண்டையும் முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து வைத்துத் தொடங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் இரண்டு சைலன்சர் வாய்க்கும் ஒரு சாண் பின்னால் உள்ளங்கைகளைப் பிடியுங்கள். இரண்டு கையிலும் ஒரே அடி விழ வேண்டும். மெலிந்து விழும் பக்கத்தை ஸ்க்ரூவால் கூட்டுங்கள். கருவி வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இன்றுவரை கையே போதுமாக இருக்கிறது.

## ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். இறங்கவில்லை

இதைக் கண்டால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்துங்கள். கேபிள் சிக்கியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் சரியென்றால் இன்ஜின் எங்கேயோ பக்கவழியில் காற்று இழுக்கிறது. காற்று கூடினால் பெட்ரோல் குறையும், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடு ஏறி பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கோளாறு சின்னதாகத் தெரியும், செலவு பெரிதாக வரும்.

விலை குறைந்த இடங்கள் முதலில். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். ரப்பரைக் கழற்றி மடக்கிப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். அடுத்து ரீட் வால்வ் பெட்டியின் கேஸ்கெட், அதற்கடுத்து சிலிண்டர் அடிக் கேஸ்கெட். ஓடும் இன்ஜினில் பெட்ரோலோ கார்ப் க்ளீனரோ அடித்துப் பார்ப்பது தீ விபத்துக்கு வழி. அதற்குப் பதிலாக அழுத்தச் சோதனை செய்யுங்கள்.

தேவை: இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய டயல் கருவி ஒன்று, சைக்கிள் டியூப் துண்டுகள், சோப்புத் தண்ணீர். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, டியூப் ரப்பரும் தகடும் வைத்து வாய்களை அடையுங்கள். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, ஓட்டில் சைக்கிள் வால்வைப் பற்றவைத்துக்கொண்டால் அதன் வழியாகக் காற்று ஏற்றலாம். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, முள் 250 காட்டும்வரை பம்ப் செய்யுங்கள். அது ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும். ஆறு நிமிடத்தில் 50க்கு மேல் இறங்கக்கூடாது. இறங்கினால் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி எழும் இடம்தான் ஓட்டை. ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

குமிழி பாயிண்ட் தட்டுக்குப் பின்னாலிருந்து வந்தால் இடப்பக்கக் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்). வெளியே எங்கும் குமிழி இல்லாமல் ஒரு சிலிண்டரின் காற்று அடுத்த சிலிண்டருக்குள் போனால் நடு சீல். நடு சீலை மாற்றக் கிராங்க்கையே பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி கோர்த்து, நேர்பார்க்க வேண்டும். இங்கே வீட்டு வேலை முடிகிறது. டூ ஸ்ட்ரோக் கிராங்க் கோர்த்துப் பழகியவரிடம் கொடுங்கள். சுத்தியலால் தட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

## புகை

நீலமாக, மெலிதாக, எழுந்தவுடன் மட்டும் வந்தால் டூ ஸ்ட்ரோக்கின் இயல்பு. சூடானபின்னும் தெருவை மறைத்தால் ஆயில் கூடுதல். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுபவர்களானால் லிட்டருக்கு 25 முதல் 30 மில்லி போதும், "கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லது" என்று ஊற்ற வேண்டாம். ஆயிலைத் தானே செலுத்தும் ஆட்டோலூப் பம்ப் இன்னும் இருந்தால் பம்ப் கேபிளின் குறி சரியாக நிற்கிறதா பாருங்கள்.

வெள்ளையாக, அடர்த்தியாக, கியர் ஆயில் கருகும் வாசனையோடு வந்தால் வலப்பக்கக் கிளட்ச் பகுதியிலிருந்து கிராங்க் சீல் வழியாக ஆயில் உறிஞ்சப்படுகிறது. கியர் ஆயிலை வடித்து அளந்து பாருங்கள். ஊற்றிய அளவுக்குக் குறைவாக இருந்து வெளியே கசிவும் இல்லை என்றால் உறுதி. வலப்பக்கப் பிளக் மட்டும் ஈரக் கருப்பாக இருப்பதும் இதற்கே சாட்சி.

## சேலத்தில் நன்றாக ஓடுகிறது, ஏற்காடு ஏறினால் திணறுகிறது

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிக்கையில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, அதே பெட்ரோலைத்தான் விடும். அதனால் கடைசி ஐந்தாறு வளைவுகளில் மந்தமாகி, ஏரிக்கரையில் நின்று மறுபடி எழுப்பும்போது பிளக் நனைந்துவிடுகிறது. இது கோளாறு அல்ல.

மேலே ஒரு நாள் இருக்கப்போகிறீர்கள் என்றால் ஏர் ஸ்க்ரூ இரண்டையும் அரைச் சுற்று திறந்துகொள்ளுங்கள். மெயின் ஜெட்டைக் குறைக்காதீர்கள், நீடில் கிளிப்பையும் மாற்றாதீர்கள். குறைத்த ஜெட்டோடு அடிவாரம் இறங்கி, 40 டிகிரி வெயிலில் ஓமலூர் ரோட்டில் முறுக்கினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மேலே மந்தமாக ஓடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. இறங்கும் முன் ஏர் ஸ்க்ரூவை மறக்காமல் திருப்பி வையுங்கள். நான் சாவிக் கொத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொள்வேன், கீழே வந்து சரிசெய்தபின்தான் அவிழ்ப்பேன்.

ஆனால் ஏறத் தொடங்கும்போதே, அடிவாரம் தாண்டி இரண்டாவது வளைவிலேயே திணறினால் உயரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை கழுவினாலும் தகும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். காற்று கூடி முன்சொன்ன அதே சீஸ் கதைதான். ஃபில்டரும் சரியென்றால் கிளட்ச்சைப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதலில் கேபிளில் துளி தளர்வு கொடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் பிளேட்.

பிளக் நிறம் பார்க்க நல்ல இடம் இந்த ஏற்றமே. மூன்றாவது கியரில் நன்றாக இழுக்கும்போது கிளட்ச்சைப் பிடித்து, அதே நொடியில் சாவியை அணைத்து ஓரம் கட்டுங்கள். வறுத்து அரைத்த காபித்தூள் நிறம் இருந்தால் நிம்மதி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் அங்கிருந்து மெதுவாக வீட்டுக்குத் திரும்பி, காற்றுக் கசிவிலிருந்து தொடங்குங்கள். எத்தனால் பெட்ரோலில் நிறம் கொஞ்சம் வெளிறியே தெரியும், அதனால் இரண்டு பிளக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் நம்பகமானது. ஒன்று காபி, ஒன்று வெளுப்பு என்றால் சந்தேகமே வேண்டாம், வெளுத்த பக்கத்தில் கசிவு அல்லது அடைப்பு.

## இறங்கும்போது கீச்சென்று பிடித்துக்கொண்டது

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் போதுமான ஆயில் வருவது ஆக்சிலேட்டரைத் திறக்கும்போதுதான். கலந்து ஓட்டினால் பெட்ரோலோடு வருகிறது. ஆட்டோலூப் இருந்தாலும் பம்பின் அளவு ஆக்சிலேட்டரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை மூடியே விட்டால், இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது, ஆயில் மட்டும் போதுமான அளவு வருவதில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறை முறுக்கி விடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காக நான் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் மன்றாடுவேன்.

இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஏற்காடு இறக்கத்தில் சூடேறி மங்கிவிடும். பிடி மங்குவதாகத் தோன்றினால் அகலமான வளைவில் நிறுத்தி ஆறவிடுங்கள். லைனிங் தேய்ந்த வண்டியை மலைக்கே கொண்டுபோகாதீர்கள்.

பிடித்துவிட்டது என்றால், உடனே கிளட்ச். பின் சக்கரம் விடுபட்டதும் ஓரம் கட்டி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறியபின் கிக்கர் இறங்கினால் மெதுவாக வீட்டுக்கு வந்து, சைலன்சரைக் கழற்றி அந்த வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். லேசான கோடு என்றால் சிலிண்டரைக் கழற்றி, மெல்லிய எமரித்தாளால் தேய்த்து மறுபடி பூட்டலாம். ரிங் குழியில் அலுமினியம் அப்பியிருந்தால் ரீபோர், அதாவது சிலிண்டரை அடுத்த அளவுக்குக் குடைய வேண்டும். எந்த நிலையிலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பூட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருந்தால், ஆட்டோலூப் உள்ளவர்கள் அந்தப் பக்கத்து ஆயில் குழாயில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## பகலில் ஓடுகிறது, ஹெட்லைட் போட்டால் சாகிறது

சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி முனைகள், எர்த் ஒயர், ஃபியூஸ், பிறகு ஆல்டர்நேட்டர் ரோட்டரில் உரசும் கார்பன் பிரஷ். பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுவது பத்து நிமிட வேலை. பிரஷ் நன்றாக இருந்தும் இன்ஜின் வேகமாக ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட்டைத் தாண்டாவிட்டால், ரெகுலேட்டரும் சுருளும் பார்க்க ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போங்கள்.

## லேத் பட்டறைக்குப் போகும்போது

நம் ஊரில் லேத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் கையில் தினமும் வருவது லாரி இன்ஜினும் கம்ப்ரஸரும். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் ஜன்னல்கள் உண்டு என்பதை நாம்தான் நினைவூட்ட வேண்டும். என் முதல் ரீபோர் அழகாக வந்தது, அளவும் சரி. ஆனால் ஜன்னல் விளிம்புகளை உடைத்துவிடவில்லை, நானும் பார்க்கவில்லை. அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் கூர் விளிம்பில் ரிங் மாட்டி முறிந்து, புது பிஸ்டனும் போயிற்று. இப்போது சிலிண்டரை வாங்கியதும் கடை வாசலிலேயே ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பிலும் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். நகம் மாட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்து, "அண்ணா, இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் மழுக்கிக் குடுங்க" என்று கேட்டு நின்று வாங்கிக்கொள்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கொடுக்கும் முன் பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். அசல் போர் 64 மி.மீ., அடுத்த அளவுகள் 0.25 மி.மீ. கூடக் கூட வரும். பிஸ்டனைக் காட்டி அதன் அளவுக்குத்தான் போர் செய்யச் சொல்ல வேண்டும், புத்தக அளவுக்கு அல்ல. ஒரு சிலிண்டர்தான் தேய்ந்தது என்றாலும் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பூட்டியபின் முதல் 500 கிலோமீட்டர், லிட்டருக்கு 30 மில்லிக்குக் குறையாமல் ஆயில் கலந்து, பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். மலை ஏற ஆசை வரும். அதுவரை அடிவாரத்து டீக்கடையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.